ஜெபத்துக்குன்னு பிள்ளைங்களோட என்ன கைவேலை செய்யலாம்? வி.பி.எஸ்.ஸுக்கும் வீட்டுக்கும்

ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க கேள்விய நான் புரிஞ்சிக்கிட்டது இதுதான்: மே மாசம் உங்க சபையில வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), 4 வயசுலருந்து 12 வயசு வரைக்கும் ஒரு 30 பிள்ளைங்க வரும், "ஜெபம்"னு தலைப்பு குடுத்து கைவேலை பூரா உங்க பொறுப்புன்னு சபை ஐயர் (பாஸ்டர்) சொல்லிட்டாவ, கையில காசு கம்மி, ஒத்தாசைக்கு ரெண்டு காலேஜ் பிள்ளைங்கதான், அதுபோக வீட்ல உங்க 3 வயசு மகளோடயும் ஏதாவது செய்யணும்னு ஆசை, பாசிமாலை கோக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. நாசரேத் பக்கம் ரொம்ப வருஷமா சண்டே ஸ்கூல் எடுத்துட்டு வர்றேன், எனக்குத் தெரிஞ்சத கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன், நேரம் இருக்கும்போது உக்காந்து படிங்க.

யூடியூப்ல தேடுனா ஜெப கிராஃப்ட்னு நூறு வரும். கூப்புன கை மாதிரி அட்டைய வெட்டி, மினுக்குத்தூள் தூவி, நடுவுல ஒரு வசனத்த ஒட்டி, பாக்க ஜோராத்தான் இருக்கும். ஆனா அத வீட்டுக்குக் கொண்டு போற பிள்ளை மறுநாள் அத வச்சு என்ன செய்யும்னு யோசிங்க, ஒண்ணும் செய்யாது, டிவி பக்கத்துல கொஞ்ச நாள் இருக்கும், பொறவு கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கும்போது குப்பைக்குப் போவும். அதனால ஒரு கைவேலைய எடுக்கலாமா வேண்டாமான்னு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் முடிவு பண்ணுவேன்: செஞ்சு முடிச்ச பொறவும் நாளைக்கு பிள்ளைக்கு இதுல ஒரு வேலை இருக்கா? ஒரு பேர எடுக்கணும், ஒரு முடிச்சத் தொடணும், ஒரு வளையத்தச் சேக்கணும், இப்படி ஏதாவது ஒண்ணு. இருந்தா எடுங்க, இல்லன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுருங்க.

இது ஒண்ணும் புதுசா நான் கண்டுபிடிச்சது கிடையாது. 1542ல பிரான்சிஸ் சவேரியார்ங்கற மிஷனெரி முத்துக்குளித்துறைக்கு, அதான் நம்ம தூத்துக்குடி பக்கத்து கடக்கரைக்கு, வந்தப்ப அவருக்கு தமிழ் தெரியாது, ஜெபங்கள தமிழ்ல எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணிக்கிட்டு, கையில ஒரு மணிய ஆட்டிக்கிட்டே தெருத்தெருவா போய் பிள்ளைங்கள கூட்டுனாராம், அவரே கடுதாசியில எழுதியிருக்காரு. படிச்ச பிள்ளைங்கள சும்மா விடல, நீ போய் உங்க வீட்ல சொல்லிக்குடு, நீ போய் சீக்காளி வீட்ல ஜெபம் சொல்லுன்னு ஆளுக்கொரு வேலைய குடுத்து அனுப்பிருக்காரு. நம்ம மணப்பாடு, புன்னைக்காயல் கரையில நடந்த விஷயம் இது. பிள்ளைக்கு ஜெபத்துல ஒரு வேலைய குடுத்தா அது செய்யும், அம்புட்டுதான். கைவேலை அந்த வேலைக்கு ஒரு கருவி.

சரி விஷயத்துக்கு வாரேன். முதல் நாளுக்கு கை வரையிறத வச்சிக்கிடுங்க. அஞ்சு விரல் ஜெபம்னு பல சபைகள்ல சொல்லிக்குடுக்காங்க, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஜெபத்துக்கு கை கூப்பும்போது கட்டைவிரல்தான் நெஞ்சுக்குப் பக்கத்துல இருக்கு, அதனால அது நமக்கு நெருக்கமானவங்க, அம்மா அப்பா ஆச்சி தாத்தா. ஆள்காட்டி விரல் வழி காட்டுறவங்க, டீச்சர், ஐயர், டாக்டர், நர்ஸ். நடுவிரல் எல்லாத்துலயும் உயரம், அது அதிகாரத்துல இருக்கவங்க, பஞ்சாயத்து தலைவர்லருந்து முதலமைச்சர், பிரதமர் வரைக்கும், 1 தீமோத்தேயு 2ல ராஜாக்களுக்காகவும் ஜெபம் பண்ணச் சொல்லியிருக்குல்லா. மோதிர விரலுக்கு தெம்பு கம்மி, கீபோர்டு வாசிக்கிற தம்பிங்ககிட்ட கேட்டா சொல்லுவாங்க, அது சீக்காளிங்க, கஷ்டத்துல இருக்கவங்க. சுண்டுவிரல் கடைசி, அது நான்.

பேப்பர்ல கைய வச்சு ஓரமா பென்சில ஓட்டும்போது விரலிடுக்குல கூசும், சின்னதுங்க கெக்கெக்கேன்னு சிரிச்சு கைய இழுத்துக்கிடும், கோடு கோணிக்கிட்டுப் போவும், அப்படியே விட்டுருங்க, அழிச்சு நேராக்காதீங்க. பேரு எழுதத் தெரிஞ்ச பிள்ளைங்க ஒவ்வொரு விரல்லயும் ஒரு நெசமான பேர எழுதணும், "சீக்காளிகள்"னு பொதுவா எழுதவிடாதீங்க, எந்த சீக்காளி? எதுத்த வீட்டு பெரியம்மா முட்டுவலின்னு படுத்திருக்காங்கல்லா, அவங்க பேர எழுது. ஒரு வருஷம் ஒரு பய நடுவிரல்ல தோனின்னு எழுதிட்டு வந்து நின்னான், கேப்டன்னா தலைவர்தான மிஸ்ஸுன்னு கேக்கான், என்னத்த சொல்ல, சரி ஜெபம் பண்ணுலேன்னு விட்டுட்டேன். இந்தக் கைவேலையில எனக்குப் பிடிச்சதே பேப்பர் தொலைஞ்சாலும் கை கூடவே இருக்குங்கறதுதான். ஸ்கூல் பஸ்ல உக்காந்து ஒவ்வொரு விரலா மடக்கிக்கிட்டே ஜெபம் பண்ணிரலாம்.

இதுக்கு சார்ட் பேப்பர் வாங்காதீங்க. கல்யாண பத்திரிகை இருக்குல்லா, ஐப்பசியும் தையும் முடிஞ்சா ஒவ்வொரு வீட்லயும் ஒரு கட்டு கெடக்கும், நல்ல கனமான அட்டை, உள்பக்கமோ பின்பக்கமோ வெள்ளையா இருக்கும். ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே ஆராதனையில அறிவிப்பு குடுத்துருங்க, மூட்டை மூட்டையா வந்து சேரும். பேரு, போன் நம்பர் அச்சடிச்ச பக்கத்த மட்டும் வெட்டி எடுத்துட்டு பிள்ளைங்ககிட்ட குடுங்க.

அடுத்தது குச்சி டப்பா. என்கிட்ட கேட்டா வீட்டுக்கு இதவிட உபயோகமான கைவேலை வேற இல்ல. ஐஸ் குச்சி பாக்கெட்டா ஸ்டேஷனரி கடையில கிடைக்கும், ஒரு பிள்ளைக்கு பத்து குச்சி போதும். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளோட பேரு, டப்பாவுக்கு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ கருப்பட்டி வாங்குன ஓலைப்பெட்டியோ போதும். நம்ம வீடுகள்ல ராத்திரி குடும்ப ஜெபம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், பாட்டு ஒண்ணு, வேதவாசிப்பு, பொறவு தாத்தா கண்ண மூடுனா உலகத்தையே சுத்திட்டுத்தான் ஆமென் சொல்லுவாவ, அதுக்குள்ள பிள்ளை பாய்லயே சாஞ்சு தூங்கிரும். ஜெபம் ஆரம்பிக்க முந்தி டப்பாவ பிள்ளைகிட்ட நீட்டுங்க, கண்ண மூடிக்கிட்டு ஒரு குச்சிய உருவட்டும், வந்த பேருக்கு அது ஒரே ஒரு வரி ஜெபம் பண்ணட்டும், "ஆண்டவரே சவூதியில இருக்க மாமாவுக்கு வெயில் அடிக்கக்கூடாது" அவ்வளவுதான். முதல் வாரம் வெக்கப்படும், ரெண்டாவது வாரம் டப்பாவ நீங்க மறந்தாலும் அது மறக்காது.

ஒரு குச்சியில மிஷனெரி பேரோ ஊழிய ஸ்தலத்து பேரோ போடுங்க. வெள்ளாளன்விளையில பொறந்த அசரியாவும் இன்னும் சிலரும் சேந்து 1903ல பாளையங்கோட்டையில ஐ.எம்.எஸ்.ஸ (இந்திய மிஷனெரி சங்கம்) ஆரம்பிச்சு, நம்ம ஊர்க்காரங்க காணிக்கையில நம்ம ஊர்க்காரங்களையே இப்ப தெலங்கானாவுல இருக்க தோர்ணக்கல்லுக்கு அனுப்பினாங்கன்னு ஒரு நாலு வரி கதையா சொல்லிட்டு அந்தக் குச்சிய எழுதச் சொன்னா பெரிய பிள்ளைங்களுக்கு ஒரு பிடிப்பு வரும். பொறவு அவர் 1912ல இந்தியர்கள்லயே முதல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை வழி) பேராயரா ஆனாருங்கறதயும் சேத்துச் சொல்லலாம். உங்க வீட்ல இன்னும் பிடியரிசி (சோறு பொங்கும்போது கோயிலுக்குன்னு ஒதுக்குற ஒரு பிடி அரிசி) எடுத்து வைக்கிற பழக்கம் இருந்தா குச்சி டப்பாவ அந்த அரிசிப் பானை பக்கத்துலயே வச்சிருங்க, அம்மா சோறு பொங்க அரிசி அளக்கும்போது பிள்ளை ஒரு பிடி அள்ளிப் போட்டுட்டு ஒரு குச்சியும் எடுத்துக்கிடும்.

இதுல ஒரு இடம் கவனமா இருக்கணும். ஜெபம் பண்ணி சுகமாயிட்டா அந்தக் குச்சிய ஒரு நன்றி டப்பாவுக்கு மாத்துவோம், பிள்ளைங்களுக்கு அதுல ரொம்ப சந்தோஷம். சுகமாகாம போயிட்டா? தாத்தாவுக்காக தினம் குச்சி எடுத்து ஜெபம் பண்ணுன பிள்ளை, தாத்தாவ அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி டப்பாவ பாத்துக்கிட்டு நிக்கும். பெரியவங்க என்ன செய்வாங்கன்னா பிள்ளை பாக்காத நேரமா அந்தக் குச்சிய எடுத்து ஒளிச்சு வச்சிருவாங்க. வேண்டாம், அது பிள்ளைக்குத் தெரியாமயா போவும். குச்சிய பிள்ளை கையில குடுத்து, இத என்ன செய்யலாம்னு அதுகிட்டயே கேளுங்க. சில பிள்ளைங்க பின்பக்கத்துல "ஆச்சி"ன்னு எழுதும், ஏன்னா இனிம ஆச்சிதான் தனியா இருக்காங்க. சில பிள்ளைங்க தாத்தாவுக்காக நன்றி சொல்லணும்னு நன்றி டப்பாவுல போடும். ஆண்டவர் ஏன் கேக்கலன்னு கேட்டுச்சுன்னா உடனே வசனத்த எடுத்து வீசாதீங்க, எனக்கும் அழுகைதான் வருதுன்னு சொல்லி கூட உக்காருங்க, அன்னைக்கு அது போதும்.

காகிதச் சங்கிலி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், கிறிஸ்மஸ் தோரணம் மாதிரி வளையம் வளையமா ஒட்டுறது. ஈஸ்டருக்கு முந்தி வர்ற லெந்து காலத்துக்கு (தவக்காலம்) இது ரொம்பப் பொருத்தம். சாம்பல் புதன்லருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் எண்ணுனா 46 நாள் வரும், லெந்து 40 நாள்னு சொல்லுதீங்களே மிஸ்ஸுன்னு கணக்குப் பிள்ளை ஒண்ணு கண்டிப்பா கேக்கும். நடுவுல வர்ற 6 ஞாயித்துக்கிழமைய லெந்து கணக்குல சேக்கறதில்ல, அதனால 40 ஊதா வளையம், 6 வெள்ளை வளையம். இதுல ரெண்டு விதம் இருக்கு, முதல்லயே மொத்தத்தையும் செஞ்சு மாட்டி தினம் ஒண்ண கிழிக்கறது ஒண்ணு, தினம் ஒண்ண ஒட்டி வளத்துக்கிட்டே போறது இன்னொண்ணு. கிறிஸ்மஸுக்கு டிசம்பர் 1லருந்து 24 வரைக்கும் 24 வளையம் போட்டுக் கிழிக்கறது சரி, ஏன்னா அங்க எத்தனை நாள் இருக்குன்னு காத்திருக்கறதுதான் விஷயம். ஜெபத்துக்கு எனக்கு வளக்கறதுதான் பிடிக்கும், நேத்து பண்ணுன ஜெபத்த இன்னைக்கு எதுக்குக் கிழிச்சு எறியணும்?

வி.பி.எஸ்.ல ஆளுக்கு தினம் ஒரு வளையம், கடைசி நாள் எல்லாரோடதையும் ஒண்ணா சேத்து கோயிலுக்குள்ள தூணுக்குத் தூணு கட்டலாம். ஆனா எழுத்து வளையத்துக்கு உள்பக்கமா வரணும், அத மட்டும் மறந்துராதீங்க. ஒரு சபையில வண்ண வண்ணமா சங்கிலி கட்டியிருந்தாங்க, நானும் ஆசையா கிட்டத்துல போய்ப் பாத்தா மஞ்சள் பேப்பர்ல கோழிக்கிறுக்கலா "எங்க அப்பா சாராயம் குடிக்கக்கூடாது, அம்மாவ அடிக்கக்கூடாது"ன்னு இருக்கு, கீழ பேரும் இருக்கு. நிறைவு விழாவுக்கு ஊரே வந்திருக்கு. அந்த அப்பனும்தான் வந்திருப்பான். அன்னைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை வீட்ல என்ன நடந்திருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்கு ஒரு மாதிரி ஆவுது. பிள்ளைங்களுக்கு ஜெபம்னா ஆண்டவர்கிட்ட சொல்லுதது, ஊருக்கு முன்னால மாட்டுவாங்கன்னு நெனச்சா எழுதும்? அதனால எழுதி உள்ள மடிச்சு ஒட்டிரணும், பேரு வேண்டாம், டீச்சர் உள்பட யாரும் பிரிச்சுப் படிக்கறதில்லன்னு பிள்ளைங்க முன்னாடியே சொல்லிருங்க, சொன்னத காப்பாத்தவும் செய்யுங்க.

இதுக்கு மறுபக்கமும் ஒண்ணு இருக்கு. ஒரு பிள்ளை தானா வந்து உங்க காதுல எதையாவது சொல்லுச்சு, அடிக்காங்க, தப்பா தொடுதாங்கன்னு, அப்ப அது ஜெபக் குறிப்பு இல்ல. நல்லா ஜெபம் பண்ணு சரியாயிரும்னு அனுப்பி வச்சிராதீங்க, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கும் குடுக்காதீங்க. சைல்டு லைன் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. அந்த நம்பர வி.பி.எஸ். நடக்குற இடத்துல பெருசா எழுதி ஒட்டி வச்சிருங்க, கூட நிக்கிற காலேஜ் பிள்ளைங்களுக்கும் இத முதல்லயே சொல்லிக்குடுத்துருங்க.

பெரிய பிள்ளைங்களுக்கு, 8 வயசுக்கு மேல உள்ளதுங்களுக்கு, இயேசு சொல்லிக்குடுத்த பரமண்டல ஜெபத்த வச்சு ஒரு புஸ்தகம். ஒரு ஏ4 பேப்பர்ல ஒரே ஒரு வெட்டு, பசை வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம், 8 பக்கம் வந்துரும். செய்முறை இதுதான். பேப்பர நீளவாக்குல பாதியா மடிச்சு விரிங்க. பொறவு குறுக்கால பாதியா மடிச்சு, திரும்பவும் பாதியா மடிச்சு, முழுசா விரிச்சா 8 கட்டம் தெரியும். இப்ப குறுக்கால ஒருதடவ மட்டும் பாதியா மடிங்க, மடிப்பு பக்கத்துலருந்து நடுக்கோட்டு மேலயே ஒரு கட்டம் தூரம் கத்தரிங்க, அதுக்கு மேல போவக்கூடாது. விரிச்சா பேப்பருக்கு நடுவுல ஒரு கீறல் இருக்கும். நீளவாக்குல மடிச்சு ரெண்டு முனையையும் பிடிச்சு உள்ள தள்ளுனா கீறல் வாய் தொறந்து கூட்டல் குறி மாதிரி நிக்கும், அப்படியே ஒரு பக்கமா சுத்தி மடக்குனா புஸ்தகம். ஒருதடவ வீட்ல செஞ்சு பாத்துட்டுப் போங்க, படிக்கும்போது குழப்பமா இருக்கும், கைக்கு சட்டுனு பிடிபட்டுரும். வெட்டும்போது பாதிப் பிள்ளைங்க ஒரு கட்டத்துல நிக்காம கடைசி வரைக்கும் வெட்டிரும், அதனால வெட்டுற தூரத்த நீங்களே பேனாவால கோடு போட்டுக் குடுத்துருங்க.

முதல் பக்கம் அட்டை. அடுத்த பக்கத்துல பிதாவே உம்முடைய நாமம், பொறவு ராஜ்யம் வருவதாக, பொறவு சித்தம், பொறவு ஆகாரம், பொறவு மன்னிப்பு, பொறவு சோதனையும் தீமையும், கடைசிப் பக்கம் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும். கணக்கு அச்சா 8 பக்கத்துக்கு வந்து நிக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு படம். ஆகாரப் பக்கத்த மட்டும் சுத்தி வந்து பாருங்க, இட்லி இருக்கும், மீன் இருக்கும், எங்கூட்டத்துல ஒண்ணு புரோட்டாவ வட்டவட்டமா வரைஞ்சு பக்கத்துல சால்னாவுக்கு சிவப்பு ஸ்கெட்ச்ச தேய் தேய்னு தேச்சு பேப்பரே ஓட்டையாப் போச்சு. மன்னிப்பு பக்கத்துலதான் எல்லாம் முழிக்கும், என்ன வரையன்னு கேக்கும். நீங்க சொல்லிக்குடுக்காதீங்க, காலியா விட்டாலும் பரவால்ல, வீட்ல போய் நெரப்பு யார்கூடயாவது சண்ட போட்ட அன்னைக்கு வரைன்னு சொல்லி விடுங்க, அப்ப அதுக்கு நாளைக்கும் வேலை இருக்குல்லா. இந்த ஜெபங்கள் தமிழ் எழுத்துல முதல்முதல்ல அச்சுக்கு வந்த கதையையும் இந்த இடத்துல சொல்லுங்க, 1578ல கொல்லத்துல அச்சடிச்ச "தம்பிரான் வணக்கம்" வெறும் 16 பக்கந்தான், அத தமிழ்ப்படுத்துன அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயல்லயே பல வருஷம் இருந்தவரு. நீ மடிக்கிற புஸ்தகம் ரெண்ட சேத்தா அந்தப் புஸ்தகம்னு சொன்னா பிள்ளைங்க கண்ணு விரியும்.

ஓலைச் சிலுவை இல்லாம நம்ம பக்கத்துல கைவேலையா? குருத்தோலை ஞாயிறு முடிஞ்சிருந்தா என்ன, மே மாசம் நுங்கு சீசன், நுங்கு வெட்டுற அண்ணாச்சிகிட்ட முந்தின நாளே சொல்லி வச்சா ஓலை கொண்டாந்து தருவாவ. குருத்தையே கேக்காதீங்க, அடிக்கடி குருத்து வெட்டுனா பனை நொந்து போவும், அடுத்து இருக்க சாரோலையே பிள்ளைங்களுக்கு தாராளம். பச்சோலை முரடு, காவோலை, அதான் காய்ஞ்ச ஓலை, மடிச்சா முறிஞ்சிரும். கருக்குமட்டைய பெரியவங்க வெளியவே வச்சு வெட்டி எறிஞ்சிட்டு ஓலைய மட்டும் உள்ள கொண்டு வாங்க, அது ரம்பம் மாதிரி கைய அறுத்துரும். ஈர்க்க உருவி எடுத்தா ஒரு ஓலையில ரெண்டு நாடா கிடைக்கும், அத அரை இஞ்சு அகலத்துக்கு சீரா கிழிச்சு ஈரத்துணியில சுத்தி வைங்க.

ஒரே நாடாவுல மடிக்கிற சிலுவை சின்னப் பிள்ளைங்களுக்கு கஷ்டம். ரெண்டு நாடாவா எடுங்க. நீளமானத பாதியா மடிச்சா அது நேர்க்கம்பு. குட்டையானத ரெண்டு முனையும் நடுவுல வந்து சேர்ற மாதிரி மடிச்சா குறுக்குக்கம்பு. ஒண்ணு மேல ஒண்ண வச்சு, மெல்லிசா கிழிச்ச ஓலையால பெருக்கல் குறி மாதிரி ரெண்டு சுத்து சுத்தி பின்னால முடிச்சுப் போடணும். முடிச்சுப் போடும்போது ஒரு ஆள் பிடிக்கணும் ஒரு ஆள் கட்டணும், அதனால ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைங்க, நீ கட்டுற சிலுவை அவனுக்கு, அவன் கட்டுறது உனக்கு, யார் கட்டிக்குடுத்தாங்களோ அவங்க பேர பின்னால எழுதிக்கோ, சிலுவைய பாக்கும்போதெல்லாம் அவங்களுக்காக ஜெபம் பண்ணு. இப்படி ஆக்கிட்டா சும்மா ஒரு சிலுவையா இருந்தது வேலையுள்ள சாமானா ஆயிரும். ஓலை காய்ஞ்சா சுருங்கி முடிச்சு தளரும், மறுநாள் ஒருதடவ இறுக்கச் சொல்லுங்க. மணப்பாட்டுல பெண்கள் ஓலைப்பெட்டி செய்யுதாங்கல்லா, அந்தப் பக்கம் யாராவது சொந்தம் இருந்தா சாயம் போட்ட ஓலையில கழிஞ்ச துண்டு கிடைக்குதான்னு கேட்டுப் பாருங்க.

பாசிமாலை பத்தி நீங்க தனியா கேட்டிருந்தீங்க. கடக்கரை ஊர்கள்ல ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பிள்ளைங்க வீட்ல ஜெபமாலை இருக்கும், அதுல 59 மணி. ஆங்கிலிக்கன் சபைகளுக்குன்னும் 33 மணி வச்ச ஒரு மாலை இருக்கு, அது 1980கள்ல அமெரிக்காவுல வந்த பழக்கம், நம்மூர்ல அவ்வளவா கிடையாது. நம்ம சபையில பெரியவங்க யாராவது "இதென்ன ஆர்.சி.காரங்க வழக்கம்"னு கேக்கத்தான் செய்வாங்க, எனக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது, ஆனா வி.பி.எஸ். நடுவுல அந்தப் பஞ்சாயத்து வேண்டாம், முதல்லயே ஐயர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. நான் பாசிக்குப் பதிலா முடிச்சுத்தான் எடுப்பேன். ஒரு முழம் சணல் கயிறு, இல்லன்னா பனை நார், அதுல ஏழு முடிச்சு, பரமண்டல ஜெபத்தோட ஒவ்வொரு வரிக்கும் ஒண்ணு, புஸ்தகத்துல அட்டை போக மிச்சமிருந்த அதே ஏழு. இருட்டுல கரண்டு போனாலும் விரலால தடவிக்கிட்டே ஜெபம் பண்ணலாம். கண் பார்வையில்லாத பிள்ளை உங்க கூட்டத்துல இருந்தா மத்த எல்லா கைவேலையவிட இதுதான் அதுக்கு நிறைவா இருக்கும், யார் உதவியும் இல்லாம தானே செஞ்சு தானே வச்சிக்கிடும்.

பாசிதான் கோக்கணும்னா ஒரு எச்சரிக்கை. காட்டுல பொறுக்குற குன்றிமணி, செவப்புல கருப்பு பொட்டு வச்சது, அத எடுத்து பிள்ளைங்க கையில குடுத்துராதீங்க. உள்ள இருக்க பருப்பு கடும் விஷம், ஓடு முழுசா இருக்க வரைக்கும் ஆபத்து கொஞ்சம் கம்மி, கோக்கறதுக்கு ஓட்டை போட்டாலோ கடிச்சாலோ விஷம் வெளிய வந்துரும். அழகா இருக்குன்னு பல நாட்டுல ஜெபமாலைக்கே இத கோத்திருக்காங்க, அதனால இன்னும் பயமா இருக்கு. 5 வயசுக்கு கீழ உள்ளதுங்களுக்கு எந்த சின்னப் பாசியும் வேண்டாம், மூக்குல ஏத்திக்கிடும்.

4, 5 வயசு கூட்டத்துக்கு உப்பு மாவு. ரெண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் பொடி உப்பு, தண்ணி ஒரு டம்ளருக்கு கொஞ்சம் கம்மியா விட்டு சப்பாத்தி மாவு பதத்துக்கு பிசைஞ்சா போதும். சின்ன வடையா தட்டி, பெருவிரலால ஒரு அமுக்கு, அமுக்கும்போது ஒரு பேரச் சொல்லணும். நம்ம மே மாச வெயில்ல ரெண்டு மூணு நாள்ல கல்லு மாதிரி காய்ஞ்சிரும். தலைமாட்டுல வச்சிக்கிட்டு படுக்கும்போது அந்தக் குழியில விரல வச்சு அந்தப் பேரச் சொல்லணும், அவ்வளவுதான் வேலை. தின்னு பாக்க விடாதீங்க, உப்பு ஜாஸ்தி.

நடைமுறை விஷயம் கொஞ்சம். மினுக்குத்தூள் வேண்டவே வேண்டாம், கோயில் பெருக்குற அக்கா அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் உங்கள வையும். ஃபெவிகால் டப்பா வாங்கி முப்பது பேருக்கு கட்டுப்படியாகாது, மைதாவ தண்ணியில கரைச்சு அடுப்புல கிண்டுனா பசை ரெடி, அன்னன்னைக்கு காய்ச்சணும், மறுநாள் புளிச்ச வாடை வந்துரும். வேகமா ஓடுற ஃபேனுக்கு நேர் கீழ பேப்பர் வேலைய வைக்காதீங்க. ஒரு கைவேலைக்கு அரைமணி நேரத்துக்கு மேல போனா பிள்ளைங்க வழுக்கிரும். முக்கியமா, பிள்ளை செஞ்சது கோணலா இருக்குன்னு டீச்சர்மாரு வாங்கி திருத்திக் குடுக்கறது நம்ம சபைகள்ல ஒரு வியாதி, நிறைவு விழாவுல பெருமைக்காக எல்லாம் ஒரே அச்சா இருக்கணும்னு நெனைக்கிறாங்க. உங்க காலேஜ் பிள்ளைங்ககிட்ட முதல் நாளே சொல்லிருங்க, கத்தரி பிடிக்கிற வரைக்கும் உதவி, அதுக்கு மேல கைய கட்டிக்கிட்டு நில்லுன்னு. அதே மாதிரி ஜெபக் கைவேலைக்கு முதல் பரிசு ரெண்டாம் பரிசு வைக்காதீங்க, வசன மனப்பாடத்துக்கு வேணா வச்சிக்கிடுங்க.

பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளைங்களும் வி.பி.எஸ்.ஸுக்கு வரும், நம்ம ஊர்ல எப்பவும் வர்றதுதான். அவங்க அம்மா அப்பாகிட்ட என்ன சொல்லிக்குடுக்கப் போறோம்னு முதல்லயே தெளிவா சொல்லி சம்மதம் வாங்கிக்கிடுங்க. சிலுவை வேண்டாம்னு சொன்னா குச்சி டப்பாவும் அஞ்சு விரலும் குடுங்க, யாருக்கெல்லாம் நல்லது நடக்கணும்னு நெனைக்கியோ அவங்க பேர எழுதுன்னு சொன்னா போதும், வற்புறுத்தாதீங்க.

உங்க சின்னவளுக்கு மேல சொன்னது எதுவும் இப்ப தேவையில்ல. எழுத்து தெரியாத வயசு, முகம்தான் தெரியும். ஸ்கூல் அட்மிஷனுக்கும் ரேஷன் கார்டுக்கும் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லா வீட்லயும் நாலஞ்சு மிச்சம் கெடக்கும், ஆச்சி, தாத்தா, சித்தி, மாமா, பால்வாடி டீச்சர், இப்படி ஒரு ஏழெட்டு முகத்த கனமான அட்டைத்துண்டுல ஒட்டுங்க. மூலையில ஓட்டை போட்டு சாவி வளையத்துல மாட்டுங்க. அட்டைக்குப் பின்னால அவளே கிரேயான்ல கிறுக்கட்டும், அதுதான் அவ பங்கு. ராத்திரி படுக்கையில ஒரு முகத்த அவ புரட்டி எடுத்து பேரச் சொல்லட்டும், ஜெபத்த நீங்க சொல்லுங்க, ஆமென் மட்டும் அவ சொல்லட்டும். வாயில வைக்கிற வயசு, அதனால கடையில குடுத்து லேமினேஷன் போட்டுருங்க, லேமினேஷன் மூலை கூரா நிக்கும், அத வட்டமா வெட்டிட்டு கையில குடுங்க.